ரதோவியா ராஜா கேட்ட ஒரே கேள்வி

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்காரு, வர ரெண்டரை ஆகும். முத்திரை அவர் பீரோவுல இருக்கு, சாவி அவர் பாக்கெட்ல இருக்கு. நான் வெறும் கிளார்க்கு. பேரு ஏகாம்பரம். முப்பத்தொன்பது வருஷமா வெறும் கிளார்க்கு.

ஈரோடா? ஏற்காடு எக்ஸ்பிரஸா? கண்ணு சிவந்திருக்கே, அதான் கேட்டேன். பையனுக்கு மெடிக்கல் சீட்டு. குடுங்க, பாக்கறேன். ம். எல்லாம் சரியா இருக்கு. பாய் வந்து ஒரு குத்து குத்தினா முடிஞ்சுது. மூக்கைப் பொத்தாதீங்க சார், கொஞ்ச நேரத்துல பழகிடும். பெரியமேட்டுல தோல் வாடை அடிக்காம மல்லிப்பூ வாசமா அடிக்கும்? கீழ பாயோட தோல் குடோன். மேல, நீங்க உக்காந்திருக்கிற இந்த ஒரு ரூம், ரதோவியா ராஜ்ஜியத்தோட கௌரவத் தூதரகம். அந்த ஊர்க்காரங்க செருப்பு தைக்கிறவங்க, நம்ம ஊர்த் தோலை வாங்கறவங்க. ரவூஃப் பாயோட அப்பா காலத்துல, 'எங்களுக்கும் இங்க ஒரு ஆள் வேணும், நீங்களே இருங்க'ன்னு சொல்லி ஒரு கொடியையும் ஒரு முத்திரையையும் குடுத்துட்டுப் போனாங்க. கொடி அதோ, மூலையில சாத்தி வச்சிருக்கேன் பாருங்க. மாசக் கடைசியில இதையும் மூடறாங்க. இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்லயேவாம். உங்க பையன்தான் கடைசி ஆளோ என்னவோ.

பையன் போற ஊரைப் பத்தி ஏதாவது தெரியுமா? தெரியாது. யாருக்கும் தெரியாது. எங்க இருக்குன்னு சொந்தக்காரங்க கேட்டா, கிரீஸுக்கு மேலன்னு சொல்லுங்க, போதும். சரி, பாய் வர்ற வரைக்கும் சொல்றேன். கோயில்ல தல புராணம் சொல்றவன் மாதிரி எனக்கு வாய் தானா சொல்லும். பரப்பளவு, நம்ம சேலம் தர்மபுரி ரெண்டும் சேர்ந்தது. ஜனத்தொகை பன்னெண்டு லட்சம். விளையறது பிளம்ஸ். தலைநகரம் மிலோவா. ராஜா உண்டு, பார்லிமென்ட்டும் உண்டு. ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்குன்னு கேட்டா, அது ஒரு ரயில் வராத கதை.

ரெண்டாவது உலக யுத்தம் முடிஞ்சதும் அக்கம்பக்கத்து நாட்டுல எல்லாம் ராஜாவை மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க. இங்கயும், 'ஐயா, நீங்க கிளம்பலாம்'னு சொல்லிட்டாங்க. அவரும் ஒரு சூட்கேஸை எடுத்துக்கிட்டு மிலோவா ஸ்டேஷனுக்கு வந்துட்டாரு. அன்னிக்குன்னு பாத்து ரயில்வேகாரங்க ஸ்டிரைக். ரயில் வரலை. மறுநாளும் வரலை. ஒன்பது நாள் அந்த மனுஷன் வெயிட்டிங் ரூம் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. நம்மாளுங்க அரை மணி லேட்டானாலே ஸ்டேஷன் மாஸ்டரோட பரம்பரையையே இழுப்பாங்க, அவர் ஒரு வார்த்தை பேசலை. ஸ்டிரைக் பண்றவங்களுக்கும் புது அரசாங்கத்துக்கும் நடுவுல பேச ஆள் வேணும். ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா, சும்மா உக்காந்திருந்தது இவர் ஒருத்தர்தான். அங்கயே கூப்பிட்டு உக்கார வச்சு, பேசி முடிச்சாரு. பத்தாவது நாள் ரயில் வந்துச்சு.

ஏறப் போறாரு. தண்டவாளம் மாத்தி விடற ஒரு பாயிண்ட்ஸ்மேனோட பொண்டாட்டி ஓடி வந்து ஒரு துண்டு ரொட்டியை அவர் வாயில குடுத்து, 'இருப்பீங்களா?'ன்னு கேட்டா. வாய் நிறைய ரொட்டி, பேச முடியலை. தலையை ஆட்டினாரு. இப்படி, இட வலமா. அவங்க ஊர்ல அதுதான் ஆமாம். மேல கீழ ஆட்டினா இல்லை. நமக்கு நேர் தலைகீழ். இதைப் பையன்கிட்ட மறக்காம சொல்லி அனுப்புங்க.

அப்புறம் அந்தப் பெஞ்சுலயே உக்காந்து சட்டம் எழுதினாங்க. ராஜாவுக்கு அதிகாரம்னு ஒண்ணும் கிடையாது. பார்லிமென்ட் நீட்டற இடத்துல கையெழுத்து போடணும், அவ்வளவுதான். எங்க வீட்ல, 'தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை'ன்னு சொல்லுவா. ஆனா ஒண்ணு. வருஷா வருஷம் அதே தேதியில ராஜா சூட்கேஸோட பிளாட்பாரத்துல போய் நிக்கணும். சாயந்திர ரயில் கிளம்பறதுக்குள்ள யாராவது ஒரு குடிமகன் வந்து, ரொட்டி குடுத்து, 'இருப்பீங்களா?'ன்னு கேக்கணும். யாரும் கேக்கலைன்னா அந்த ரயில்லயே ஏறிப் போயிடணும். எண்பது வருஷமா யாராவது ஒருத்தர் வந்துக்கிட்டேதான் இருக்காங்க. ஒரு வருஷம் பேய் மழையாம், ஒரே ஒரு பார்பர் மட்டும் கடையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாராம். ஒருத்தர் போதும் சார், கேக்கறதுக்கு.

அதுக்குப் பதில் மரியாதையா ராஜாவுக்கும் ஒரு உரிமை குடுத்திருக்காங்க. வருஷத்துக்கு ஒரே ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தை, யாரையும் கலக்காம, அதே மாதிரி ரொட்டி குடுத்து, 'எங்க ஊர்ல வந்து இருப்பீங்களா?'ன்னு அவர் கேக்கலாம். ஆமாம்னா அவங்க ரதோவியாக்காரங்க. வீடு, வேலை, எல்லாம் அரசாங்கம் பாத்துக்கும். ரொட்டி வாயில இருக்கறப்பத்தான் பதில் சொல்லணும், அதனால தலையாலதான் சொல்ல முடியும். புருஷன் பொண்டாட்டின்னா ரெண்டு பேருக்கும் ரொட்டி, ரெண்டு பேரும் ஆட்டணும். ஒரே கேள்வியை ராஜா ரெண்டு தடவை கேக்கறதில்லை.

அந்தக் கேள்வியை, பெஞ்சுல உக்காந்திருந்த ராஜாவோட மகன், அப்ப அவர்தான் ராஜா, என்கிட்ட கேட்டாரு சார். சத்தியமா. ரெண்டாயிரத்து மூணு ஜனவரி. நீங்க நம்பலைன்னா பாய்கிட்ட கேளுங்க.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இருபத்துநாலு வயசுல இங்க வந்தவன். ஒரு அகராதியை வச்சுக்கிட்டு அவங்க பாஷையை நானா கத்துக்கிட்டேன். மிலோவாவுல எந்தத் தெருவுல எந்த ஆஸ்பத்திரி, டிராம் எத்தனை மணிக்கு, எல்லாம் சொல்லுவேன். பாத்ததில்லை. ஒரு தடவைகூடப் பாத்ததில்லை. பாய் வருஷா வருஷம் தோல் சந்தைக்குப் போவாரு, திரும்பி வர்றப்ப எனக்கு ஒரு பிளம்ஸ் ஜாம். அடிவாரத்துல உக்காந்து டோக்கன் கிழிக்கிறவன் மலை ஏறாத கதைதான் என் கதை. ஒரு தடவை போய், அந்த ஸ்டேஷன் பெஞ்சைத் தொட்டுப் பாத்துட்டா போதும்னு இருந்துது. அப்புறம், அங்கயே இருந்துட்டா என்னன்னு இருந்துது. ஆசைதான். சொல்றதுக்கு என்ன வெக்கம்? வேற எந்த ஆசையும் எனக்கு இருந்ததில்லை சார்.

ராஜா மெட்ராஸுக்கு வர்றாருன்னு தெரிஞ்சதும், நம்ம ஊர்ப் பழக்க வழக்கம் பத்தி நாலு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னாங்க. பாய் அதை என் தலையில கட்டினாரு. அங்க ஆரம்பிச்சுது வினை. நானும் விடிய விடிய உக்காந்து எழுதினேன். இடது கையால எதையும் குடுக்காதீங்க. செருப்பை வெளிய விடுங்க. பதினேழாவது ஐட்டம், தலை. 'இவ்வூரில் மேலும் கீழும் ஆட்டினால் ஆம். இட வலமாக ஆட்டினால் இல்லை. தோள் பக்கம் சாய்த்து ஆட்டினால் சரி, பார்க்கலாம், போய்த் தொலை, எதுவாகவும் இருக்கலாம்.' கடைசியா, ஜனங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு ரெண்டு மூணு தமிழ் வார்த்தையும் அவங்க எழுத்துல எழுதி வச்சேன். வணக்கம். நன்றி. எங்க ஊர்ல இருப்பீங்களா. மூணாவது எதுக்குன்னு நீங்க கேக்கக்கூடாது. 'இந்த வருஷக் கேள்விக்கு உன் பேர் போயிருக்கு ஏகாம்பரம்'னு பாய் காதுல போட்டுட்டாரு. மனுஷனுக்குப் பொறுக்குமா?

வீட்ல சொல்லலை. எங்க வீட்லன்னா பூங்கோதை. அயனாவரத்துல ஒரு கேர்ள்ஸ் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். அப்பதான் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கி ரெண்டு வாரம். புது நாற்காலிக்குத் தானே ஒரு குஷன் தைச்சு எடுத்துட்டுப் போனா. இதெல்லாம் எதுக்கு இப்பன்னு நான்கூடச் சொன்னேன். கேள்வி விஷயம் சர்ப்ரைஸா இருக்கட்டும்னு விட்டுட்டேன். தலையாட்டறதை மட்டும் சொல்லிக் குடுத்தேன். 'இந்தாம்மா, ராஜா ரொட்டி குடுத்தா வாயில போட்டுக்கோ. ஏதாவது கேப்பாரு. ஆமாம்னா இப்படி ஆட்டணும்.' பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தா. 'ராஜாவும் ஆட்டறாரு, நீங்களும் ஆட்டறீங்க, என்னை விடுங்க, நாளைக்குள்ள நாற்பது பேப்பர் முடிக்கணும்'னா. காதுல வாங்கினாளோ இல்லையோன்னு எனக்குக் கவலை. ஆனா பாருங்க, அன்னிக்கு டக்குனு பிடிச்சுக்கிட்டா.

ஒரு ஹோட்டல் ஹால்ல விழா. தோல் வியாபாரிங்க, ஆபீசருங்க, நூறு பேர் இருக்கும். நானும் அவளும் கடைசி வரிசை. ராஜா கடைசி வரிசைக்கு வந்தாரு சார். உசரமான ஆளு, எழுபது வயசு இருக்கும், காலை லேசா இழுத்து நடப்பாரு. பின்னால ஒருத்தர் தட்டுல ரொட்டி. எனக்கு ஒரு துண்டு, அவளுக்கு ஒரு துண்டு. வாயில போட்டுக்கிட்டோம். உப்பு ரொட்டி. அவர் ரெண்டு பேரையும் பாத்துக் கேட்டாரு, தமிழ்ல. நான் எழுதிக் குடுத்த அந்த வார்த்தை. 'எங்க ஊர்ல, இருப்பிங்கலா?' ளகரம் வரலை, ஆனா தமிழ்.

அவர் தமிழ்ல கேட்கணும்னுதானே எழுதிக் குடுத்தேன்? ஆனா காதுல விழுந்தப்ப வேற மாதிரி இருந்துது. ஒரு ராஜா என் பாஷையில என்னைக் கேக்கறாரு. நான் பதிலுக்கு மரியாதை பண்ண வேண்டாமா? அவர் ஊர் வழக்கப்படி ஆட்டினேன். இட வலமா, நல்லா அழுத்தி. ஆமாம், ஆமாம், ஆமாம்னு. பக்கத்துல பூங்கோதையைப் பாக்கறேன், அவளும் ஆட்டறா! என்னை விட வேகமா, மூணு தடவை. கண்ணை அகலமா திறந்துக்கிட்டு. எனக்கே ஆச்சரியம் சார். ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வர்றதுக்கு அவளுக்கு அவ்வளவு ஆசையா!

ராஜா என்னை ஒரு நிமிஷம் பாத்தாரு. அவளைக் கொஞ்சம் அதிக நேரம் பாத்தாரு. நெஞ்சுல கையை வச்சு, குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சாரு. அவளைப் பாத்துத்தான் வச்சாரு. அப்புறம் போயிட்டாரு.

நான் எழுதின பதினேழாவது ஐட்டத்தைப் படிச்சிருக்காரு சார் அந்த மனுஷன்! இந்த ஊர்ல இப்படி ஆட்டினா இல்லைன்னு என் கையாலயே எழுதிக் குடுத்திருக்கேன். அவர் நம்ம ஊர்க் கண்ணால பாத்தாரு, நான் அவர் ஊர்த் தலையை ஆட்டினேன். சொந்தச் செலவுல சூனியம்னு சொல்லுவாங்களே, அது இதுதான். ஒரு கிளார்க் எழுதின நோட்டை ஒரு ராஜா உக்காந்து படிப்பாருன்னு நான் கண்டேனா? மந்திரி படிப்பாரா நம்ம ஊர்ல? அந்த வருஷக் கேள்வி அப்படியே வீணாப் போச்சு. வேற யாரையும் கேக்கலையாம்.

ஆட்டோவுல வர்றப்ப நான் அழுதுட்டேன். பூங்கோதை என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. அயனாவரம் வந்ததும், 'அப்ப நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகலாமில்ல?'ன்னு கேட்டா. ஆறுதலுக்குத்தான். போனது போகட்டும், நம்ம பொழப்பைப் பாப்போம்னு. அந்த விஷயத்துல அவ தங்கம் சார். என்னை ஒரு நாள்கூடக் குத்திக் காட்டினதில்லை, உங்க நோட்டாலதான் போச்சுன்னு.

நான்தான் விடலை. அரண்மனைக்குப் பதினோரு லெட்டர் போட்டேன். தப்பு நடந்துபோச்சு, நாங்க ரெண்டு பேரும் ஆமாம்னுதான் சொன்னோம்னு. பதினோரு தடவையும் ஒரே பதில், ஒரே வரி. 'அரசர் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்பதில்லை.' அப்புறம் ஓஞ்சு போயிட்டேன். இங்க வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன். பாய்கூட, 'ஏகாம்பரம், விசா கேட்டு வர்றவனுக்கு விசாவைக் குடு, உன் கதையைக் குடுக்காதே'ம்பாரு.

தண்ணி குடிக்கிறீங்களா? அந்தக் கூஜாவுல இருக்கு. இன்னும் நேரமிருக்கு. உங்ககிட்ட சொல்றதுல ஒரு விசேஷம் இருக்கு சார். இந்தக் கதைக்கு இத்தனை வருஷமா முடிவு இல்லாம இருந்துச்சு. இப்ப வந்திருக்கு.

போன குளிர்காலத்துல அந்த ராஜா காலமாயிட்டாரு. தொண்ணூத்திரெண்டு வயசு. அந்தக் கொடியை நான்தான் பாதியில இறக்கிக் கட்டினேன். இப்ப அவர் பையன் ராஜா. பதவிக்கு வந்ததும் அப்பாவோட டைரியை எல்லாம் படிச்சிருக்காரு. நேத்து எனக்கு லெட்டர் வந்துது. இதோ பாருங்க, கெட்டிக் காகிதம், ராஜ முத்திரை. உங்களுக்குப் புரியாது, நான் சொல்றேன். 'என் தந்தையின் நாட்குறிப்பில் உங்களைப் பற்றி இரண்டு வரிகள் உள்ளன. அவர் எழுதியது: சென்னையில் ஒரு கேள்விக்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. அவற்றில் தெளிவாக இருந்ததை எடுத்துக்கொண்டேன்.' அப்புறம் கீழ, 'ஒரு அரசர் கேட்டதை அவரே மறுபடி கேட்பதில்லை. புது அரசர் கேட்கத் தடையில்லை என்று பார்லிமென்ட்டில் விசாரித்துக்கொண்டேன். ஆகவே கேட்கிறேன். இருப்பீர்களா?'

எப்படி இருந்திருக்கும் எனக்கு, சொல்லுங்க! இருபத்திரெண்டு வருஷம்.

அந்த 'ரெண்டு பதில்'தான் எனக்குப் பிடிபடலை. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே ஆட்டினோம்? எங்கேர்ந்து ரெண்டு பதில் வந்துது? வயசான மனுஷன், பிரயாணக் களைப்பு, ஏதோ எழுதி வச்சிருக்காரு. அது கிடக்கட்டும்.

கவர்ல ஒரு துண்டு ரொட்டியும் வச்சு அனுப்பியிருக்காங்க. வர்ற வழியில ரஸ்க் மாதிரி காஞ்சு போச்சு. இப்ப தலையாட்டல் கிடையாது, இந்தப் பாரத்துல ஆமாம்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? காலையில காபி குடிக்கறப்ப ரொட்டியை ரெண்டா உடைச்சு, காபியில தோய்ச்சு, அவ வாயில வச்சேன். லெட்டரைக் காட்டி, 'மறுபடி கேக்கறாங்க பூங்கோதை, போலாமா?'ன்னேன். தலையை ஆட்டினா. அன்னிக்கு மாதிரியே. இருபத்திரெண்டு வருஷம் ஆகியும் மறக்கலை பாருங்க! அப்புறம் எழுந்து உள்ள போயிட்டா. ரிட்டயர் ஆனதுலேர்ந்து வீட்டு ஹால்ல டியூஷன் எடுக்கறா, அந்தப் பிள்ளைங்களுக்கு இன்னிக்கு டெஸ்ட்டாம், கேள்வித்தாள் எழுதணுமாம். சாயந்திரமானா வாசல் பூரா பொண்ணுங்க செருப்பு. நான் என் வீட்டுக்குள்ள போறதுக்குத் தாண்டிக் குதிச்சுத்தான் போகணும். காசும் வாங்கறதில்லை. என்ன சுகமோ அதுல.

இன்னிக்கு நாலு மணிக்குத் தூதரகப் பை கட்டி மிலோவாவுக்கு அனுப்பறோம். இதுதான் கடைசிப் பை. அதுல இந்தப் பாரம் போகணும். என் கையெழுத்து போட்டாச்சு, பாருங்க. அவளோடதை நானே போட்டுடுவேன். எப்பவும் நான்தான் போடறது. ரேஷன் கார்டுலேர்ந்து எங்க பையனோட மார்க் ஷீட் வரைக்கும், பூங்கோதைன்னு அவளைவிட நான் நல்லா எழுதுவேன். அந்தப் பேனாவைக் கொஞ்சம் எடுங்க.

என்ன சார்? பேனாவைக் கையில வச்சுக்கிட்டே இருக்கீங்க?

வீட்ல என்ன சொன்னாங்கன்னு கேக்கறீங்களா? அதான் சொன்னேனே, தலையை ஆட்டினா. எப்படியா? இப்படி. இட வலமா. வேகமா.

நம்ம ஊர்ல அப்படி ஆட்டினா என்ன அர்த்தமா? நம்ம ஊர்ல...

இல்ல சார். நீங்க புரிஞ்சுக்கலை. நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அவ அந்த ஊர் முறைப்படிதான்...

அவ பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தா.

கொஞ்சம் இருங்க. அந்த ஃபேன் சத்தம் போடுது, நிறுத்துங்க. வேண்டாம், ஓடட்டும்.

ரெண்டு பதில். ராஜா அவளைப் பாத்துத்தான் வணக்கம் வச்சாரு. நான் என்னமோ, பொம்பளைங்களுக்கு அந்த ஊர்ல அப்படி மரியாதை பண்ணுவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். என்னோட ஆமாம் அவருக்குப் புரிஞ்சிருக்கு சார். அவரோட ஊர்த் தலைதானே, புரியாம என்ன? அவளோட இல்லையும் புரிஞ்சிருக்கு. அதுக்குத்தான் பதினேழாவது ஐட்டம். ரெண்டையும் பாத்துட்டு அவளோடதை எடுத்துக்கிட்டாரு. கேள்வி தமிழ்ல வந்துச்சே, அதனால அவளுக்கும் புரிஞ்சுபோச்சு. ரதோவிய பாஷையில கேட்டிருந்தா அவ என்னைப் பாத்திருப்பா, நான் ஆட்டறதைப் பாத்து அவளும் ஆட்டியிருப்பா. நான்தான் தமிழ்ல எழுதிக் குடுத்தேன்.

'நாளைக்கு ஸ்கூலுக்குப் போகலாமில்ல?' பயந்துக்கிட்டே கேட்டிருக்கா சார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு. அவ ஆறுதல் சொல்றதா நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இருபத்திரெண்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே அவ. சொல்லியிருக்கலாமே? நான் பதினோரு லெட்டர் எழுதறப்பவும் பக்கத்துல உக்காந்து ஸ்டாம்ப் ஒட்டிக் குடுத்தாளே? சொல்லியிருக்கலாமில்ல?

எப்பச் சொல்லுவா. நான் கேட்டாத்தானே சொல்லுவா. வாயில ரொட்டியை வச்சுட்டு இல்ல கேக்கறேன் ஒவ்வொரு தடவையும்! அந்த ராஜாவையே வருஷத்துக்கு ஒரு தடவை கேக்கறாங்க சார், இருப்பீங்களான்னு. மழையில நனைஞ்சுக்கிட்டு ஒரு பார்பர் ஓடி வர்றாரு, கேக்கறதுக்கு. நான் முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவளைப் பெரம்பூர்லேர்ந்து அயனாவரத்துக்குக் கூட்டிட்டு வந்தேன், சொன்னேன், வந்தா. பையனை இன்ஜினீயரிங் சேர்த்தேன், சொன்னேன், சரின்னா. சொல்லித்தான் பழக்கம் சார் எனக்கு. கேட்டுப் பழக்கமில்லை.

அந்தப் பேனாவை நீங்களே வச்சுக்கோங்க. இல்ல, மேஜை மேல வைங்க. அந்தப் போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க. ஒயரு நீளாது, மெதுவா. மணி என்ன, ஒண்ணே முக்காலா? இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சிருப்பா.

இல்லைன்னு சொல்லிட்டா? சொல்லட்டும். எனக்கு ஆசை போயிடுமா, போகாது. அந்தப் பெஞ்சை நான் தொடப் போறதில்லை, அவ்வளவுதான். வலிக்கும். வலிச்சா என்ன, இத்தனை நாள் தப்பான இடத்துல வலிச்சுக்கிட்டு இருந்துது.

போன்ல தலை தெரியாது. அது ஒரு நல்லது.

ரிங் போகுது. நீங்க எழுந்து போக வேண்டாம் சார், உக்காருங்க. பக்கத்துல யாராவது இருந்தாத்தான் எனக்கு வாய் வரும்.

ஹலோ. நான்தான். ஒண்ணுமில்லை, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாப்பிட்டேன். இல்ல, ஒண்ணும் மறந்துட்டு வரலை. பூங்கோதை, வாயில ஏதாவது வச்சிருக்கியா?

ஒண்ணும் இல்லையே?

அப்ப உன்னை ஒண்ணு கேக்கறேன்.